ஒன்பதே காலுக்கு மெயின்

உக்காருங்க சார், இந்த டீக்கடை பெஞ்சுல உக்காருங்க. எதுத்தாப்ல பிரஸ் கேட்டை இப்பத் தொறக்க மாட்டாங்க. ஒன்பதே காலுக்கு நல்ல நேரம், அப்பத்தான் மொதலாளி அண்ணாச்சி மெயின் சுவிட்சைப் போடுவாரு. அதுக்கு முன்னாடி வெளியாளு யாரையும் வாட்ச்மேன் சங்கிலி உள்ள விடமாட்டான். எந்த ஊரு நீங்க? போடியா? காலண்டர் ஏஜென்டுதானே? கையில ஆல்பத்தப் பாத்ததுமே நெனச்சேன். மொத அச்சுப் பிளேட்டைப் பாத்து சரி சொல்லிட்டுப் போக வந்திருப்பீங்க. ராமரு, சாருக்கு ஒரு டீ போடுப்பா.

நானா? இந்தப் பிரஸ்ல வேலை பாத்தவன் சார். பதினாலு வருஷம். எம்பேரு தவமணி. சிவகாசியில எந்த பிரஸ்ல வேணாலும் போயி ‘சர்வர் தவமணி’ன்னு கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க. இப்ப பதினோரு மாசமா இல்ல. யாரும் போகச் சொல்லல. நானா எழுதிக் குடுத்துட்டு வெளிய வந்தேன். அத மொதல்லயே சொல்லிர்றேன், ஏன்னா ஊருக்குள்ள வேற மாதிரி பேசுறாய்ங்க.

இன்னைக்கு விஜயதசமி பாருங்க, அதான் வந்தேன். எங்க வீட்ல கேக்குறா, ‘வேலைய விட்டவரு பிரஸ் வாசல்ல போயி என்னத்துக்கு உக்காரணும்’னு. அவளுக்கு என்ன தெரியும். இன்னைக்கு இவங்களுக்கு நான் வேணும் சார். இன்னும் கொஞ்ச நேரத்துல சங்கிலி அந்தக் கேட்டைத் தொறந்துக்கிட்டு ரோட்டைத் தாண்டி ஓடி வருவான் பாருங்க. வந்து, ‘சார், அண்ணாச்சி கையோட கூட்டிட்டு வரச் சொன்னாரு’ம்பான். அதுக்குத்தான் சவரம் பண்ணி வெள்ளைச் சட்டை போட்டு வந்து உக்காந்திருக்கேன்.

எதுக்குக் கூப்பிடுவாங்கன்னா, கதை இருக்கு. கேளுங்க, நேரம் இருக்குல்ல.

உள்ள டிசைன் செக்‌ஷன்ல தனி ரூமுக்குள்ள ஒரு சர்வர் இருக்கு. இடுப்பு உயரம்தான் இருக்கும். படம், தேதி, ராகுகாலம், கடைப்பேரு எல்லாத்தையும் டிசைன் பண்றவங்க அதுக்குத்தான் அனுப்புவாங்க. அது பக்கத்த அடுக்கி, கலரப் பிரிச்சு, பிளேட் போடுற மிஷினுக்கு அனுப்பும். சர்வர் இல்லன்னா பிளேட் இல்ல. பிளேட் இல்லன்னா நாலு ஆப்செட் மிஷினும் வெறும் இரும்பு.

ஆனா அந்த சர்வர் தனியா ஒண்ணும் கிழிக்காது சார். அதுக்குத் துணையா ஏழு பிளக்-இன் ஏறணும். பிளக்-இன்னா குட்டி குட்டிப் புரோகிராமுன்னு வச்சுக்கோங்க. பக்கம் அடுக்க ஒண்ணு, கலருக்கு ஒண்ணு, தமிழ் எழுத்துக்கு ஒண்ணு, இப்படி. சர்வரை ஆன் பண்ணுனதும், பூட் ஆகும்போதே, அது நெட்ல போயி கம்பெனிகிட்ட ஏழையும் கேட்டு வாங்கி ஏத்திக்கும். வித்தவன் அப்படித்தான் செட் பண்ணிக் குடுத்தான். ஒரே ஒரு தடவதான் கேக்கும். கிடைக்கலயா, ‘இன்ஸ்டால் ஃபெயில்டு’ன்னு சிவப்புல ஏழு வரி எழுதி வச்சுட்டு பேசாம உக்காந்துக்கும். மறுபடி போயி கேக்காது. ரோசக்கார சர்வர்.

வருஷம் பூரா அத நாங்க அணைக்கிறதே இல்ல. ஆயுதபூஜைக்கு மட்டுந்தான். அன்னைக்குச் சாயங்காலம் எல்லா மிஷினையும் தொடச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, மாலை போட்டு, பொரிகடலை படைச்சு, மெயினை எறக்கிருவோம். ஆயுதத்துக்கு ஓய்வு. சர்வருக்கும் பொட்டு வச்சு அணைச்சிருவோம். மறுநா காலையில அண்ணாச்சி குளிச்சு முழுகி வந்து, சூடம் காட்டி, பூசணிக்கா ஒடச்சு, மெயின் சுவிட்சை அவரு கையால போடுவாரு. எல்லா மிஷினும் ஒண்ணா உசுரு பெறணும். அவங்க அப்பா காலத்துல இருந்து அப்படித்தான்.

அன்னைக்கு சர்வர் ஃபெயில் ஆகும் சார். வருஷா வருஷம், தவறாம. பிளக்-இன் ஒண்ணுகூட ஏறாது. டிசைன் செக்‌ஷன்ல இருந்து ஒருத்தி ‘சார்’னு கத்துவா பாருங்க, அந்தக் குரலு இன்னும் காதுல இருக்கு.

நான் நிதானமாப் போவேன். எல்லாரும் வெளிய போங்கம்பேன். கதவைச் சாத்துவேன். ஏழு பிளக்-இன்னையும் ஒவ்வொண்ணா கையால ஏத்துவேன். மணி பன்னெண்டு, பன்னெண்டரை ஆயிரும். அதுவரைக்கும் நாலு மிஷினு, அறுபது ஆளு, அத்தனையும் நிக்கும். அண்ணாச்சி காலண்டர் சீசன்ல பெத்த மக வந்தாக்கூட நின்னு பேச மாட்டாரு. என் ரூம் கதவு வாசல்ல மூணு மணி நேரம் நின்னிருக்காரு சார். அவரே தட்டி, ‘தவமணி, காப்பி வேணுமாய்யா’ன்னு கேட்டிருக்காரு. மத்த முந்நூத்திச் சொச்ச நாளும் நான் யாருன்னே அவருக்குத் தெரியாது. பிரின்டர்ல பேப்பர் சிக்குனா கூப்பிடுவாங்க, அவ்வளவுதான். அந்த ஒரு நாளு மட்டும் நான்தான் பிரஸ்ஸு.

என்ன கோளாறுன்னு கேக்குறீங்களா? பெரிய கோளாறெல்லாம் இல்ல சார். மெயின் போட்டதும் எல்லாம் ஒரே நேரத்துல ஆன் ஆகுதா, சர்வர் மூணு நிமிஷத்துல முழிச்சிரும். மோடம் இருக்கு பாருங்க, நெட் குடுக்குற டப்பா, பரண் மேல கிடக்கும், அது முழிச்சு லைன் புடிக்க ஆறு நிமிஷம் ஆகும். சர்வர் போயி கேக்குற நேரத்துல நெட் இருக்காது. அவ்வளவுதான் விசயம்.

தெரியாமலா? மூணாவது வருஷமே தெரிஞ்சு போச்சு.

அப்பவே சொல்லியிருக்கலாமேங்கிற மாதிரி பாக்குறீங்க. யாருகிட்ட சொல்ல? நெட் வந்ததும் சர்வரை ஒருதரம் அணைச்சுப் போட்டா ஏழும் தானா ஏறிரும், பத்து நிமிஷம். பத்து நிமிஷத்துல முடிஞ்சா அதுக்குப் பேரு வேலையா சார்? வைத்தியருகிட்டப் போறீங்க, ‘ஒண்ணுமில்ல, வெந்நீர் குடி’ன்னு அனுப்புனா அவரை மதிப்பீங்களா? மாத்திரை எழுதணும்ல.

டீ ஆறுது பாருங்க, குடிங்க.

போன வருஷம் தை மாசம் ஒரு பிள்ளைய வேலைக்கு எடுத்தாங்க. வினோதினின்னு பேரு, சாத்தூர்ப் பக்கம். எனக்கு ஒத்தாசைக்கின்னு சொன்னாங்க. நான் கேட்டனா? கேக்கல. வந்த பிள்ள நல்ல பிள்ளதான், நான் குத்தம் சொல்ல மாட்டேன். காலையில வந்தா ‘வணக்கம் சார்’னு எந்திரிச்சு நிப்பா. ஒரு நோட்டு வச்சுக்கிட்டு எல்லாத்தையும் எழுதுவா. சர்வர் என்னைக்கு என்ன எழுதி வச்சிருக்குன்னு லாகுன்னு ஒண்ணு இருக்கு, அதோட டைரி மாதிரி. அத ஒக்காந்து படிப்பா சார். நாவல் படிக்கிற மாதிரி. அஞ்சு வருஷத்து லாகையும் படிச்சிருக்கா.

புரட்டாசி மொத வாரம் எங்கிட்ட வந்து நின்னா. ‘சார், விஜயதசமி அன்னைக்கு மட்டும் ஏன் பிளக்-இன் ஃபெயில் ஆகுதுன்னு பாத்தேன் சார். நெட்டு மூணு நிமிஷம் லேட்டா வருது. மோடத்த மட்டும் முன்னாடியே போட்டுட்டா போதும் சார்’ங்கிறா. மெதுவாத்தான் சொன்னா. பக்கத்துல யாரும் இல்ல. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? நடு ரோட்டுல வேட்டிய உருவுன மாதிரி இருந்துச்சு.

‘அண்ணாச்சி நல்ல நேரம் பாத்து மெயின் போடுறாரு. அதுக்கு முன்னாடி எதையும் ஆன் பண்ணக் கூடாது. சாங்கியம்மா’ன்னேன். அதுக்கு அவ சொல்றா, ‘மோடத்துக்கு யாரும் பொட்டு வைக்கிறதில்லையே சார். பூஜையில இல்லாத சாமானத்த எதுக்கு அணைக்கணும்?’

பதினாலு வருஷத்துல அந்த டப்பாவுக்கு ஒருத்தனும் ஒரு துளி சந்தனம் வச்சது கிடையாது. நானும் வச்சதில்ல. ‘போயி வேலையப் பாரு’ன்னேன்.

மணி என்ன சார்? ஒன்பது பதினாலா? பாருங்க, பூசணிக்காயத் தூக்கிட்டு வெளிய வர்றாங்க. அந்தச் சிவப்புத் துண்டு போட்டிருக்காரே, அவருதான் அண்ணாச்சி. எளைச்சுட்டாரு. இங்கிட்டுப் பாக்குறாரா? பாக்கல. பரவால்ல. ஒடச்சாச்சு. உள்ள போறாரு. இப்ப கை வைப்பாரு.

கேட்டுச்சா? டிரான்ஸ்பார்மர் உறுமுது. மெயின் போட்டாச்சு. இன்னும் மூணு நிமிஷத்துல சர்வர் முழிச்சு நெட்டத் தேடும். தேடட்டும்.

எங்க விட்டேன்? ஆங், போன வருஷம். ஆயுதபூஜை அன்னைக்குச் சாயங்காலம் எலக்ட்ரீசியன கையில போட்டுக்கிட்டு அந்தப் பிள்ள மோடத்த பேட்டரியில மாட்டிருச்சு. மெயின் எறக்குனாலும் அது அணையாது. எங்கிட்டச் சொல்லல. சொன்னா விடமாட்டேன்னு தெரியும்ல. மறுநா காலையில எட்டே முக்காலுக்கு நான்தான் வந்து ரூமத் தொறக்குறேன், சாவி எங்கிட்டதான் இருக்கும். உள்ள ஒரே இருட்டு, ஒரு சத்தம் இல்ல. அண்ணாந்து பாத்தா பரண் மேல நாலு பச்ச லைட்டு மினுக்குது.

இன்னும் அர மணி நேரத்துல மெயின் போடுவாரு, சர்வர் முழிக்கும், ஏழும் ஏறிரும், எல்லாரும் அவங்கவங்க வேலையப் பாக்கப் போயிருவாங்க. எங்கதவுகிட்ட யாரு வருவா?

மோடத்துக்குப் பின்னாடி ஒரு வயரு வரும். நெட்டு வர்ற வயரு. அது லூசா இருந்துச்சு.

லூசாத்தான் இருந்துச்சு சார். சரி, கொஞ்சம் லூசா இருந்துச்சு, நான் தொட்டேன், வந்துருச்சு. சரிய்யா, எடுத்தேன். நானே எடுத்தேன், என்ன இப்ப? சுண்டு வெரல் தண்டி வயரு. கொலையா பண்ணிட்டேன்?

ஒன்பதே காலுக்கு மெயின் போட்டாரு. ஏழு வரி சிவப்பு. ‘சார்’னு கத்துனாங்க. நான் எல்லாரையும் வெளிய போகச் சொல்லிக் கதவச் சாத்துனேன், வயர மாட்டுனேன், உக்காந்தேன். எப்பவும் போலதான். ஆனா நெனப்பு பூரா அந்த வயர்லயே இருந்துச்சு. நெட்ல இருந்து எடுக்குறத விட்டுட்டு பென்டிரைவ்ல கிடந்த பழச அஞ்சு ஏத்திட்டேன். மிச்சம் ரெண்டு புதுசு. பழசும் புதுசும் ஒத்துப் போகல. சர்வர் மொத்தமாப் படுத்துருச்சு. பன்னெண்டு மணிக்கும் எந்திரிக்கல, சாயங்காலமும் எந்திரிக்கல.

மறுநாளும் நாலு மிஷினும் நின்னுச்சு. தீபாவளிக்கு பதினெட்டு நாளு. ஜவுளிக்கடைக்காரரு ஒருத்தரு ஆர்டர உருவிட்டு அடுத்த பிரஸ்ஸுக்குப் போயிட்டாரு. உங்களுக்கும் போன வருஷம் சரக்கு லேட்டாத்தான் வந்துச்சா? அதான். அண்ணாச்சி ரூமுக்குள்ளயே வந்துட்டாரு. வாசல்ல நிக்கல. உள்ளயே வந்துட்டாரு. ‘யாருய்யா கை வச்சது இதுல?’ன்னாரு.

நான் பொய் சொல்லல சார். ஒரு பொய் சொல்லல. ‘முந்தா நாளு வினோதினி மோடத்துல கை வச்சது’ன்னேன். அது உண்மைதான? அவ கை வச்சாளா இல்லையா?

அறுபது பேரு முன்னாடி அந்தப் பிள்ளையத் திட்டுனாரு. சாங்கியத்த மீறுனவ கையி உருப்படுமான்னு கேட்டாரு. அவ கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நின்னா. காலண்டருக்கு மேல தகரப்பட்டி அடிப்பாங்க பாருங்க, அந்த ஷெட்டுல போயி உக்காருன்னு அனுப்பிட்டாரு. படிச்ச பிள்ள, தகரம் அடிக்கப் போயிருச்சு. எனக்கு மட்டும் நல்லாவா இருந்துச்சு? அன்னைக்கு நான் சாப்பிடல.

மூணாவது நாளும் என்னால ஆகல. மத்தியானம் அண்ணாச்சி அவளத் திரும்பக் கூப்பிட்டாரு. வேற ஆளு இல்லல்ல. வந்தா. வெரல்ல துணி சுத்தியிருந்துச்சு, தகரம் கிழிச்சிருக்கு. எம்பக்கத்துல நாற்காலியப் போட்டு உக்காந்தா. லாக மேல இருந்து ஒவ்வொரு வரியாப் படிச்சா. பழசு அஞ்சையும் தொடச்சு எறிஞ்சா. சர்வர அணைச்சுப் போட்டா. நாப்பது நிமிஷம். ஏழும் ஏறிருச்சு.

அதோட விட்டாளா? மோடம் லாகத் தொறக்குறா சார். சர்வர் எழுதும், அது எனக்குத் தெரியும். மோடமும் டைரி எழுதும்னு யாருக்குத் தெரியும்? பதினாலு வருஷத்துல நான் அதத் தொறந்ததே இல்ல. திரையில வரிசையா வருது. எட்டு நாப்பத்தேழுக்கு வயரு எடுத்தாச்சு. ஒன்பது முப்பத்தொண்ணுக்கு வயரு மாட்டியாச்சு. எட்டு நாப்பத்தேழுக்கு அந்த ரூம்ல யாரு இருந்தான்னு அவளுக்குத் தெரியாதா? சாவி யாருகிட்ட?

திரும்பி என்னப் பாத்தா. அவ்வளவுதான். ஒரு தடவ பாத்தா.

அண்ணாச்சி வந்து கேக்குறாரு, ‘என்னம்மா கோளாறு?’ அவ எந்திரிச்சு, ‘வயரு லூசா இருந்துச்சு அண்ணாச்சி’ங்கிறா. வேற ஒரு வார்த்த சொல்லல. ‘அதத்தான் அன்னைக்கு ஒழுங்காப் பாத்திருக்கணும்’னு அவளையே மறுபடி திட்டிட்டுப் போறாரு. அவ திரைய மூடிட்டு, ‘சரியாயிருச்சு சார்’னு எங்கிட்டச் சொல்லிட்டுப் போயிட்டா.

நீங்க என்ன நெனக்கிறீங்க? பெரிய மனசுங்கிறீங்களா? நான் நம்ப மாட்டேன். எதுக்கோ எடுத்து வச்சிருக்கா. இன்னைக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு நான் தெனம் காத்துக்கிட்டே கிடந்தேன். தீபாவளி வந்துச்சு, சொல்லல. கார்த்திகை பொறந்துச்சு, சொல்லல. திரும்ப எங்க ரூமுக்கே வேலைக்கு வந்துட்டாள்ல, காலையில நான் போனா எந்திரிச்சு நின்னு அதே ‘வணக்கம் சார்’. அந்த வணக்கத்துல எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஒரு சொல்லுகூட முள்ளா இருக்காது. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு மொகத்தத் திருப்பியிருந்தான்னா நான் அங்கயே இருந்திருப்பேன். முடியல சார். உடம்புக்கு முடியலன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். அண்ணாச்சி ‘ஏன்யா’ன்னு ஒரு வார்த்த கேட்டாரு, கையெழுத்துப் போட்டுட்டாரு.

அன்னைக்கே நெனச்சேன், அடுத்த விஜயதசமி வரட்டும்னு. நான் இல்லாம என்ன பண்றாங்கன்னு பாப்போம். போன வருஷம் வாங்குன திட்டுக்கு அந்தப் பிள்ள மோடத்துப் பக்கமே போயிருக்காது. அப்ப சர்வர் ஃபெயில் ஆகணும். ஆகும். மணி என்ன? ஒன்பதே முக்காலா? இருக்காதே. உங்க வாச்சு சரியா ஓடுதா?

இந்தச் சத்தமா? அது ஆப்செட்டுதான். மிஷின் ஓடுதுன்னா பழைய பிளேட்டா இருக்கும் சார், மிச்சம் கிடந்தத ஓட்டுவாங்க. ரெண்டாவது மிஷினும் எடுத்துட்டாங்க. பழைய பிளேட்டு அவ்வளவு கிடக்குமா...

பாருங்க, பாருங்க, கேட்டு தொறக்குது. சங்கிலி வர்றான். நான் சொன்னேன்ல? இங்கதான் வர்றான். என்ன சங்கிலி, சர்வர் நின்னுருச்சா?

‘நிக்கவா? எல்லாம் ஜம்முனு ஓடுது சார். போடி ஏஜென்டு நீங்கதான? வாங்க, உங்க பிளேட்டு வந்துருச்சு. தவமணி சார், அண்ணாச்சி உங்களையும் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாரு. இந்த வருஷம் மோடத்துக்கும் பொட்டு வச்சு, பூசணிக்கா ஒடைக்கிறதுக்கு முன்னாடியே அண்ணாச்சி கையாலயே அத பேட்டரியில போட்டுட்டு அப்பறம்தான் மெயின் போட்டாரு. ஒரு சிக்கலும் இல்ல. யாரு யோசனைன்னு கேட்டாரு. வினோதினிப் பிள்ளதான் சொல்லுச்சு, தவமணி சார் சொல்லிக் குடுத்ததுன்னு. அண்ணாச்சிக்கு ஒரே சந்தோசம். வாங்க சார், பொரி குடுக்குறாங்க.’

நான் வரல சங்கிலி. நான் இல்லன்னு சொல்லிரு. என்னடா பாக்குற, கடையில ஆளு இல்ல, போயிட்டாருன்னு சொல்லு. போ நீ, சார் வருவாரு.

கேட்டீங்களா சார்? நான் சொல்லிக் குடுத்தேனாம். அவ்வளவு பேரு முன்னாடி சொல்லியிருக்கா. என்ன நெஞ்சழுத்தம் பாருங்க அவளுக்கு.

போங்க சார், உங்களுக்கு நேரமாகுது. டீக்கு நான் பாத்துக்கிறேன். ஒரு நிமிஷம், கைய உருவாதீங்க. நீங்க உள்ள போறீங்க. அண்ணாச்சி இருப்பாரு, அவளும் இருப்பா. இப்ப நான் உங்ககிட்டச் சொன்னேன் பாருங்க, அந்த வயரு, எட்டு நாப்பத்தேழு, எல்லாம். அத நீங்க அங்க சொல்லுவீங்கதான? சொல்லணும் சார். அவள மாதிரி நீங்களும் சொல்லாம இருந்துறாதீங்க.